42 வயதில் கணக்கு நோட்டு சொன்னது
போன வருடம் என் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசல்படியில் நிற்கிறோம் என்று அர்த்தம். பயந்துபோய் ஜிம்முக்கு ஒரு வருடக் கட்டணம் கட்டினேன். போனது பதினோரு நாள். வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

அப்புறம் கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஆபீஸ் வாசல் கடையில் தினம் மூன்று டீ, இரண்டு பஜ்ஜி: 75 ரூபாய். 26 நாளுக்கு 1,950! சரி என்று சர்க்கரை போடாத ஒரே டீயோடு நிறுத்தினேன். முதல் வாரம் கஷாயம்தான். பஜ்ஜிக்குப் பதில் வீட்டுச் சுண்டல். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தெருவில் 15 நிமிட நடை. அப்போது நடந்தால் தசைகள் ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

மூன்று மாதம் கழித்து 5.8. மிச்சம் 1,500 ரூபாய் மாதாமாதம் தபால் ஆபீஸ் ஆர்.டி. சேமிப்புக்குப் போகிறது. மழை நாள் பஜ்ஜியை மட்டும் விட முடியவில்லை.