காது கேளாத மாணவர் இருக்கும் கல்லூரி வகுப்பில்

சைகைமொழி பெயர்ப்பாளரைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். மாணவருக்கு ஆசிரியர், பலகை, பெயர்ப்பாளர் மூன்றும் ஒரே பார்வையில் பட வேண்டும். பெயர்ப்பாளருக்குப் பின்னால் ஜன்னல் கூடாது, முகம் இருண்டுவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இருவர் தேவை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். களைத்தவர் வாக்கியங்களை விட்டுவிடுவார்.

ஸ்லைடுகளை இரண்டு மூன்று நாள் முன்பே கொடுங்கள். பல துறைச் சொற்களுக்கு இந்திய சைகைமொழியில் நிலைத்த சைகை இல்லை. மாணவரும் பெயர்ப்பாளரும் பேசி முடிவுசெய்யாவிட்டால், எழுத்தெழுத்தாக விரலால் காட்டியே வகுப்பு முடிந்துவிடும்.

சைகையைப் பார்த்துக்கொண்டே குறிப்பெழுத முடியாது. சக மாணவர் ஒருவரின் குறிப்பை நகலெடுத்துக் கொடுங்கள். கேள்வியை மாணவரைப் பார்த்தே கேளுங்கள், பெயர்ப்பாளரை அல்ல. பேச்சைக் கேட்டு மென்பொருள் தானாகக் காட்டும் வசன வரிகளை மட்டும் நம்ப வேண்டாம்: தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் கலைச்சொல்தான் முதலில் சிதையும்.