பாசிமணியும் இரண்டு பைகளும்: மூளை செயலையும் பலனையும் முடிச்சுப் போடுவதை வகுப்பில் காட்டும் முறை

மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவர்கள் நரம்பு மண்டலப் பாடத்தோடு சேர்த்து இதைச் செய்யலாம். ஒரு பீரியட் போதும்.

சிவப்புச் சுருக்குப் பை, பச்சைச் சுருக்குப் பை, ஒவ்வொன்றிலும் 10 பாசிமணி. சிவப்பில் 8 வெள்ளை, 2 கருப்பு. பச்சையில் 2 வெள்ளை, 8 கருப்பு. தாயம் விளையாட வைத்திருக்கும் புளியங்கொட்டை வேண்டாம். தேய்த்த பக்கத்தை விரல் கண்டுபிடித்துவிடும். மாசி வீதி ஃபேன்சி கடைகளில் ஒரே அளவு மணியாகப் பொறுக்கி வாங்குங்கள்.

மாணவர் ஒரு பையைத் தேர்ந்து, பார்க்காமல் ஒரு மணி எடுக்கட்டும். வெள்ளை வந்தால் அந்தக் கணமே எவர்சில்வர் தட்டில் ஒரு காசைப் போடுங்கள். கருப்புக்கு ஒன்றும் கிடையாது. கடைசியில் 10 காசுக்கு ஒரு தேன்மிட்டாய். எடுத்த மணியைத் திரும்பப் போட்டு, பைகளை மேசைக்கடியில் குலுக்கி, இடவலம் மாற்றி மாற்றி வையுங்கள். மொத்தம் 60 முறை.

இன்னொருவர் கணக்கெழுத வேண்டும். இரண்டு பைக்கும் தொடக்க மதிப்பு 0.5. எடுத்த பைக்கு மட்டும்: புது மதிப்பு = பழைய மதிப்பு + 0.3 × (கிடைத்தது − பழைய மதிப்பு). வெள்ளைக்கு 1, கருப்புக்கு 0. சிவப்பில் அடுத்தடுத்து இரண்டு வெள்ளை வந்தால் மதிப்பு 0.65, பிறகு 0.755. அடைப்புக்குள் இருப்பதைக் கவனியுங்கள்: முதல் காசுக்கு 0.5, இரண்டாவதற்கு 0.35. காசு அதேதான், வியப்புதான் குறைந்தது. மூன்றாவது கருப்பானால் −0.755, மதிப்பு 0.5285க்கு இறங்கும்.

கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் நடுமூளையின் டோபமைன் நரம்பணுக்கள் (டோபமைன் என்ற வேதிப்பொருளால் செய்தி அனுப்புபவை) சொல்கின்றன. ஷுல்ட்ஸ், டயான், மாண்டேக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1997இல் இதை விளக்கினார்கள். எதிர்பாராத பலன் வந்தால் அவை படபடவென்று துடிக்கும். எதிர்பார்த்தபடியே வந்தால் வழக்கமான வேகம் மாறாது. வர வேண்டியது வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நேரத்தில் துடிப்பு அடங்கும். இந்தச் செய்தி மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையேட்டத்துக்குப் போய், சற்றுமுன் வேலைசெய்த சினாப்ஸ்களை (நரம்பணுக்களின் இணைப்புகளை) வலுவாக்கும் அல்லது தளர்த்தும். சற்றுமுன் என்பது மிகக் குறுகிய நேரம்: 2014இல் வெளிவந்த சுண்டெலி ஆய்வில், சினாப்ஸ் தூண்டப்பட்டு 0.3 முதல் 2 விநாடிக்குள் டோபமைன் வந்தபோதுதான் அது பெருத்தது. காசைத் தாமதிக்கக் கூடாது என்பது இதனால்தான். மனிதர்கள் நினைவில் வைத்துச் சமாளிப்பார்கள், ஆனால் அப்போது நீங்கள் பார்ப்பது வேறொரு கற்றல்.

முப்பதைத் தாண்டி, 33ஆவது முறைபோல ஓர் ஒழுங்கில்லாத இடத்தில், மணிகளை மாற்றி நிரப்பிய இன்னொரு ஜோடிப் பையை மேசைக்கடியில் சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கள். பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. மதிப்பு எத்தனை முறையில் சரிகிறது, மாணவர் எப்போது பச்சைக்குத் தாவுகிறார் என்று வரைபடத்தில் குறியுங்கள். ஒரே கருப்புக்குத் தாவுகிறவருக்கு 0.3க்குப் பதில் 0.8 பொருந்தும், பிடிவாதக்காரருக்கு 0.1.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். மணியைத் திரும்பப் போட மறந்தால் விகிதமே மாறிவிடும். இடவலம் மாற்றாவிட்டால் கைப்பழக்கம் மதிப்பாகத் தெரியும். சுற்றி நிற்பவர்கள் “மூணு கருப்பு வந்தாச்சு, அடுத்தது வெள்ளைதான்” என்று சொன்னால் அந்த ஆட்டம் செல்லாது. மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடில் வையுங்கள். வயிறு நிறைந்தபின் மிட்டாய்க்கு அவ்வளவு மதிப்பில்லை.