மேஸ்திரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் எந்தக் காப்பீடு, எந்த வரிசையில்

தமிழ்நாட்டில் தனி வீடுகளைக் கட்டித் தருபவர்களில் பலர் கொத்தனாராகத் தொழிலைத் தொடங்கி, பிறகு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சதுர அடிக் கணக்கில் லேபர் கான்ட்ராக்ட் எடுக்கும் மேஸ்திரிகள். அவர்களோடு, ஓரிரு உதவியாளர்களை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள், பிளம்பர்கள், பெயின்டர்கள், ஏ.சி. மெக்கானிக்குகள் ஆகியோரும் உண்டு. இவர்களிடம் காப்பீட்டைப் பற்றிப் பேசினால், அது பெரிய பில்டர்கள் செய்துகொள்ள வேண்டியது என்ற பதிலே பெரும்பாலும் வரும். சட்டமோ ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. கட்டட வேலைக்குக் கூலி கொடுத்து ஒருவரை அமர்த்தினால், வேலையில் அவருக்கு நேரும் விபத்துக்கு அமர்த்தியவரே பொறுப்பு. தவறு யாருடையது என்பது அங்கே முதல் கேள்வியே அன்று.

அந்தப் பொறுப்பின் அளவைத் தெரிந்துகொண்டால்தான் எந்தப் பாலிசியை முதலில் எடுப்பது என்பது விளங்கும். 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த கணக்கின் அடிப்படையே 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. தொழிலாளி இறந்தால் மாதக் கூலியில் 50 விழுக்காட்டையும், இனி எந்த வேலையும் செய்ய முடியாத நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 60 விழுக்காட்டையும் எடுத்து, அவருடைய வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதக் கூலியின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 8,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதம் அதற்கு மேல் சம்பாதிக்கும் 30 வயதுக் கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து இறந்தால், 7,500-ஐ 207.98 என்ற காரணியால் பெருக்கி, 15,59,850 ரூபாய் என்று கணக்கு வரும். அவரே 40 வயதுக்காரராக இருந்து, உயிர் பிழைத்து, முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தால், 9,000-ஐ 184.17-ஆல் பெருக்க, 16,57,530 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல். ஒரு மாதத்துக்குள் தொகையைச் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். ஒரு வீட்டு லேபர் கான்ட்ராக்டில் மேஸ்திரிக்கு என்ன மிஞ்சும் என்பது தெரிந்தவர்களுக்கு இந்தத் தொகைகளின் கனத்தை விளக்கத் தேவையில்லை.

இதிலிருந்து தப்பிக்க வழக்கமாகச் செய்யப்படும் சில காரியங்கள் பயன் தருவதில்லை. வேலைக்குச் சேரும்போதே ‘விபத்துக்கு நானே பொறுப்பு’ என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. ‘குடித்துவிட்டு ஏறினார், அதனால் விழுந்தார்’ என்ற வாதம் சிறு காயங்களில் எடுபடலாம். மரணத்திலும் முழு நிரந்தர ஊனத்திலும் எடுபடாது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, இறந்தவரின் குடும்பத்தாரிடம் ஒரு தொகையை நேரில் கொடுத்து முடித்துவிடுவதும் ஆபத்தானதே. மரண இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். முன்பணமாகக் கொடுக்கும் மூன்று மாதக் கூலியைத் தவிர, கையில் கொடுத்த பணம் இழப்பீடாகக் கொள்ளப்படாது. கொடுத்தவர் மீண்டும் ஒரு முறை கொடுக்க நேரலாம்.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி. தொழிலில் இருப்பவர்கள் இதை டபிள்யூ.சி. பாலிசி என்பார்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அலுவலக வளாகங்களிலும் வேலைக்கு உள்ளே விடுவதற்கு முன் கேட்கிற தாளும் பெரும்பாலும் இதுதான். யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கு அரசு நிறுவனங்களும் பல தனியார் நிறுவனங்களும் இதை விற்கின்றன. பிரீமியம் வேலையின் தன்மை, ஆட்களின் எண்ணிக்கை, மொத்தக் கூலி ஆகியவற்றைப் பொறுத்தது. ஆட்கள் அடிக்கடி மாறும் தொழில் என்பதால், பெயர்ப் பட்டியல் இல்லாமல் ‘கொத்தனார் 4, சித்தாள் 6, கம்பி வேலை 2’ என்று வகை வாரியாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள்; பொதுவாக முடியும்.

விண்ணப்பத்தை நிரப்பும் நேரத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். பிரீமியத்தைக் குறைப்பதற்காகப் பன்னிரண்டு ஆட்களை ஐந்து என்றும், ஆயிரம் ரூபாய்க் கூலியை ஐந்நூறு என்றும் காட்டச் சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிக்கனம் விபத்து நடக்கும் நாளில் உங்கள் தலையில்தான் விடியும். உயரத்தில் வேலை செய்வதையும், எத்தனை மாடி வரை ஏறுகிறீர்கள் என்பதையும், பழைய கட்டடத்தை இடிக்கும் வேலை உண்டு என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். மருத்துவச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பு பல பாலிசிகளில் தனியே கேட்டால்தான் சேர்க்கப்படும். கேட்டுச் சேர்த்து, அதன் வரம்பையும் பாருங்கள். துணை ஒப்பந்தம் எடுத்தவர்களின் ஆட்களும் அப்படியே. சென்ட்ரிங்கையும் டைல்ஸையும் வேறொருவரிடம் விட்டிருந்தாலும், அவருடைய ஆள் விழுந்தால் முதன்மை ஒப்பந்ததாரரிடமே இழப்பீடு கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தைத் துணை ஒப்பந்ததாரரிடமிருந்து பிறகு வசூலித்துக்கொள்ளும் உரிமை உண்டு என்றாலும், அவரிடம் வசூலிக்க ஏதாவது இருக்க வேண்டுமே. தாமதத்துக்காக விதிக்கப்படும் அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதே, ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் நல்லவை, உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் இரண்டிலும் சேர்ந்திருக்கிறார்களா என்று விசாரிப்பது உங்கள் கடமை என்றே சொல்வேன். ஆனால் அவை தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் உரிய உதவிகள். அமர்த்தியவரின் பொறுப்பை அவை தீர்ப்பதில்லை. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு மட்டும் வேறு வகை: அதில் முறையாகப் பதிவான தொழிலாளிக்கு வேலையில் ஏற்படும் காயத்துக்கு அங்கிருந்தே பயன் கிடைப்பதால், அமர்த்தியவரிடம் தனியே இழப்பீடு கோர முடியாது.

மேஸ்திரிக்கே அடிபட்டால்? டபிள்யூ.சி. பாலிசி ஆட்களுக்கானது, அதை எடுத்த முதலாளியை அது காக்காது. ஆட்களோடு சேர்ந்து தானும் சாரத்தில் ஏறுகிறவர் தனிநபர் விபத்துக் காப்பீட்டைத் தன் பெயரில் எடுத்தே ஆக வேண்டும். வேலை செய்ய முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் பிரிவு அதில் இருப்பது நல்லது.

வெளியாருக்கு ஏற்படும் சேதம்

தனியாளாக வேலை பார்க்கும் பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் முதன்மையான அபாயம் இதுதான். மூன்றாம் மாடியில் சரியாக இறுக்காத குழாய் இணைப்பு இரவில் கழன்றால், இரண்டாம் மாடியின் மரத்தரையும் அலமாரியும் வீணாகும். கைதவறி விழுந்த சுத்தியல் கீழே நிறுத்தியிருக்கும் காரின் கண்ணாடியை உடைக்கும்; அல்லது நடந்து செல்பவரின் தலையில் விழும். இத்தகைய இழப்புகளுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு உதவும். போபால் விபத்துக்குப் பின் 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான இரசாயனங்களைக் கையாள்பவர்களுக்கானது. பெயர் ஒத்திருப்பதால், அந்தச் சட்டத்தின்படியான பாலிசியை உங்களுக்கு எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்குப் பணம் வராது என்பதையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். கழன்ற இணைப்பால் கீழ்வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்துக்குத் தொகை கிடைக்கலாம். அந்த இணைப்பையே திரும்பச் செய்யும் செலவு கிடைக்காது. பழுது பார்ப்பதற்காக நீங்கள் கையில் வாங்கிய ஏ.சி.யோ மோட்டாரோ உங்கள் பொறுப்பில் இருக்கும்போது கெட்டால், அதுவும் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். வேலை முடித்துக் கொடுத்த பிறகு வெளிப்படும் சேதத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் பிளம்பிங்கில் பெரும்பாலான கசிவுகள் ஆட்கள் கிளம்பிய பிறகுதான் தெரியவரும்.

கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம்

பொருளும் சேர்த்து ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு ஒப்பந்ததாரர் அனைத்து இடர்க் காப்பீடு தேவை. இது ஒவ்வொரு வேலைக்கும் தனியாக, வேலை நடக்கும் காலத்துக்கு எடுக்கப்படுவது. தீ, வெள்ளம், புயல், திருட்டு, இடிபாடு ஆகியவற்றால் பாதிக் கட்டடத்துக்கும் இறக்கி வைத்த பொருளுக்கும் ஏற்படும் சேதத்தை ஏற்கும். வெளியாருக்கு ஏற்படும் சேதத்துக்கும் ஒரு பிரிவு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னைக்காரர்களுக்கு, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய மனையில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காப்பீட்டுத் தொகை, கட்டி முடித்த பின் வரும் முழு மதிப்பாக இருக்க வேண்டும். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 20 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால், 4 லட்சம் சேதமானபோது கிடைப்பது 2 லட்சம்தான். நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை அதிலும் கழியும். பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழுவது நகரத்து நெருக்கடியில் மிகச் சாதாரணமான தகராறு. அதிர்வினாலும், ஒட்டித் தோண்டியதால் பிடிமானம் தளர்ந்ததாலும் வரும் விரிசல் தனியாகக் கேட்டுச் சேர்த்தால்தான் பாலிசிக்குள் வரும். தோண்டுவதற்கு முன்பே பக்கத்து வீட்டின் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிழையான வடிவமைப்பால் ஏற்படும் இழப்பு சாதாரணப் பாலிசியில் சேராது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகும், மண் பரிசோதனையும் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தும் வீண் செலவு என்று எண்ணுபவர்கள் இருப்பது வியப்புக்குரியது.

கலவை மெஷின், வைப்ரேட்டர், லிஃப்ட் போன்ற சொந்த இயந்திரங்களுக்குத் தனிப் பாலிசி உண்டு. வாடகைக்கு எடுப்பவர்கள் உரிமையாளரிடம் பாலிசி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

விபத்து நடந்தால்

காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தெரிவியுங்கள். மரணமென்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தேவைப்படும். நிறுவனத்தைக் கேட்காமல் யாரிடமும் தொகை பேசி ஒப்புக்கொள்ளாதீர்கள். அது கோரிக்கையை மறுக்கக் காரணமாகலாம். இறந்தவர் அன்று உங்களிடம் வேலை செய்தார் என்பதற்கு வருகைப் பதிவும் கூலி கொடுத்த கணக்குமே சான்று. ஒரு நோட்டில் தினமும் பெயர், வயது, வேலை, கூலி எழுதிக் கையெழுத்து வாங்கினாலே போதும். கூலியை வங்கிக் கணக்கிலோ யு.பி.ஐ.யிலோ செலுத்தினால் இன்னும் உறுதி.

கோரிக்கையை நிறுவனம் மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். தனி உரிமையாளராகத் தொழில் நடத்துபவர்களின் புகாரையும் குறுந்தொழில்களின் புகாரையும் அங்கே ஏற்பார்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.