வரி போட்டதெல்லாம் தேனீ இல்லை: ஏற்காட்டில் பூச்சி பார்க்கப் பழகுவது எப்படி

ஏற்காட்டில் காலையில் மூடுபனி விலகி வெயில் ஏறட்டும், அப்புறம் கிளம்பினால் போதும், ஏனென்றால் குளிரில் தேனீக்கள் அவ்வளவாக வெளியே வராது.

படி 1: ஒரே செடியின் முன் நில்லுங்கள். கொத்தமல்லியோ கடுகோ பூத்த பாத்தி கிடைத்தால் அருமை. சேலத்து மொட்டை மாடியில் துளசியும் கத்தரியும் இருந்தாலே போதும். உங்கள் நிழல் பூவில் விழாமல் கால் மணி நேரம் அசையாமல் பாருங்கள்.

படி 2: கண்ணையும் உணர்கொம்பையும் பாருங்கள். தேனீக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டு என்று படித்திருப்பீர்கள், ஆனால் தேனீயின் முன் பின் இறக்கைகள் கொக்கிகளால் கோத்துக்கொள்வதால் இரண்டு போலத்தான் தெரியும். தலை முழுக்கக் கண்ணும் குட்டையான கொம்பும் இருந்தால் அது மலர் ஈ, வேளாண்மையில் சிர்பிட் ஈ என்பார்கள். மஞ்சள் கறுப்பு வரி வெறும் வேஷம், அது கொட்டவே கொட்டாது.

படி 3: நடத்தையைக் கவனியுங்கள். எனக்கு நிறத்தைவிட இதில்தான் நம்பிக்கை. மலர் ஈ அந்தரத்தில் அப்படியே நிற்கும், சட்டென்று விலகும், திரும்ப வந்து நிற்கும். அதற்குக் கூடு கிடையாது, பூந்தூளைத் தின்னுமே தவிரச் சுமக்காது. பல வகை மலர் ஈக்கள் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக் கூட்டத்துக்குள் முட்டையிடும், வரும் புழு அசுவினியை உறிஞ்சியே வளரும். ஆகவே இலையடியில் காலில்லாத பச்சைப் புழு அசுவினிக்கு நடுவே ஊர்ந்தால் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். தேனீ அப்படியில்லை, குஞ்சுக்குத் தீனி சேர்த்தாக வேண்டும், அதனால் பூ பூவாக வேலை செய்து பூந்தூளோடு கூட்டுக்குத் திரும்பும். பின்னங்காலில் உருண்டை தெரியும், இலைவெட்டித் தேனீ என்றால் வயிற்றடியில். ரோஜா இலையில் வட்டமாக வெட்டு இருந்தால் நோய் என்று பதறாதீர்கள், அந்தத் தேனீதான் தன் அறைக்கு உறை போட எடுத்துப் போயிருக்கிறது.

படி 4: கத்தரிப் பூவில் காதை வையுங்கள். அதன் பூந்தூள் மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகத்தான் வரும். நீலவரித் தேனீயும், கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய கறுப்புத் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு, பறக்கும் தசையை மட்டும் அதிரவிட்டு உதிர்க்கும், அப்போது ரீங்காரம் சட்டென மாறுவது நன்றாகவே கேட்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது! சாயங்காலம் காய்ந்த தண்டுகளையும் பாருங்கள், நீலவரி ஆண் தேனீக்கள் தாடையால் கடித்துத் தொங்கியபடி தூங்கும்.

கோடை மழைக்கு எட்டுப் பத்து நாள் கழித்து காப்பி பூக்கும்போது தோட்டமே இரையும், பூ சில நாள்தான் நிற்கும், தவறவிடாதீர்கள். உயர்ந்த மரத்திலோ பாறையிலோ ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீக் கூட்டை மட்டும் தூரத்திலிருந்தே பாருங்கள், கல் எறிய யாரையும் விடாதீர்கள்.

சரி, வீட்டில்? காட்டுத் தேனீக்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை, நிறைய மண்ணில் துளைபோட்டுக் குடியிருப்பவை. தோட்ட மூலையில் கொஞ்சம் மண்ணை மூடாமல், கொத்தாமல் விட்டு வையுங்கள், காய்ந்த மூங்கில் குழாய் நாலைக் கட்டி மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.