பாவித்த டி.எஸ்.எல்.ஆர். வாங்க முன்

நிக்கொன் டி3500, டி5600 போன்ற தொடக்கநிலைக் கமராக்கள் இப்போது உற்பத்தியில் இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் முதல் டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி உள்ள டிஜிட்டல் கமரா) தேடுகிறவருக்குப் பெரும்பாலும் பாவித்ததுதான் அகப்படும். இல்லாவிட்டால் கனடாவிலிருந்து மாமாவோ சித்தியோ கொண்டுவந்து தருவார்கள். இரண்டிலும் பிழையில்லை. பழகுவதற்கு 18 மெகாபிக்சலே காணும், 24 என்றால் தாராளம்.

கெனன் ஒரே கமராவை இடத்துக்கு இடம் வேறு பெயரில் விற்கிறது. கனடாவின் ரெபல் ரீ7, ஐரோப்பாவின் 2000டி, ஆசியாவின் 1500டி மூன்றும் ஒன்றே. ரெபல் எஸ்.எல்.2 என்பது 200டி. விலை விசாரிக்கும்போது எல்லாப் பெயரிலும் தேடுங்கள்.

பலர் மாட்டுப்படுவது பிளாஷில். 1500டி, 3000டி, இரண்டாம் 200டி (250டி என்றும் பெயர்) ஆகியவற்றில் பிளாஷ் பூட்டும் தகட்டைப் பாருங்கள். நடுவில் பெரிய உலோகப் புள்ளி இல்லையென்றால் மலிவான மனுவல் பிளாஷ் (வெளிச்ச அளவைக் கையால் வைப்பது) அதில் மின்னாது. கெனனுக்கென்றே செய்த பிளாஷ் தேடவேண்டி வரும். பிறந்தநாள், சாமத்திய வீடு என்று படம் எடுக்கும் எண்ணமிருந்தால் பழைய 1300டி இதைவிட நல்லது. வீடியோவும் வேண்டுமென்றால் முதல் 200டி: திரை திரும்பும், மைக் செருகலாம், வீடியோவில் போகஸ் வேகமாகப் பிடிக்கும். 3000டியை விட்டுவிடுங்கள். அதில் லென்ஸ் பூட்டும் வளையம் பிளாஸ்ரிக், கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டரைக் கண்பார்வைக்கேற்பச் சரிசெய்யும் சில்லும் கிடையாது.

நிக்கொனின் டி3000, டி5000 வரிசைகளில் கமராவுக்குள் போகஸ் மோட்டார் இல்லை. ஏஎப்-எஸ் அல்லது ஏஎப்-பி என்று எழுதிய லென்ஸ்தான் தானாகப் போகஸ் ஆகும். பழைய ஏஎப்-டி லென்ஸைக் கையால் திருகவேண்டும். ஏஎப்-பி லென்ஸை டி3200, டி5100இல் பூட்டினால் போகஸே ஆகாது. லென்ஸும் கமராவும் வேறு வேறு ஆட்களிடம் வாங்குகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

பார்க்கப் போகும்போது சொந்த மெமரி கார்ட்டும் சிறிய ரோர்ச்சும் கொண்டுபோங்கள். எங்கள் ஈரக்காற்றில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சணம். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்தால் ரோர்ச்சைச் சரித்து அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். நிக்கொன் லென்ஸில் பின்னாலுள்ள சிறு நெம்பைத் தள்ளினால்தான் வெளிச்சம் புகும் துவாரம் முழுதாகத் திறக்கும். ஒன்றிரண்டு தூசியால் படம் கெடாது. சிலந்தி வலைபோல இழை ஓடியிருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். பூஞ்சணம் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு நிற்கும்.

அடுத்தது சென்சர், படத்தைப் பதியும் தகடு. ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எப்/16 (சிறிய துவாரம்) வைத்து, போகஸைக் குழப்பிவிட்டு, வெறும் வானத்தை எடுங்கள். படத்தைப் பெருப்பித்தால் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். இரப்பர் ஊதியால் ஊதிப் போகாத புள்ளிக்குச் சுத்தம் செய்யும் செலவு உண்டு. விலையில் குறைக்கக் கேளுங்கள். வாயால் ஊதவேண்டாம், எச்சில் ஒட்டிக்கொள்ளும்.

ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை) நிக்கொன் ஒவ்வொரு படக் கோப்பிலும் எழுதிவைக்கும். கெனனின் மலிவான கமராக்களில் அப்படி இல்லை, யு.எஸ்.பி. மூலம் மென்பொருள் கொண்டு பார்க்கவேண்டும். இந்தத் தரத்துக் கமராவில் ஏறத்தாழ 1,00,000 தடவை எதிர்பார்க்கலாம். 50,000 தாண்டினால் பேரம் பேசுங்கள்.

கனடாவிலிருந்து வந்த கமராவில் வீடியோ அமைப்பு என்.ரி.எஸ்.சி.யில் (வட அமெரிக்க முறை) இருக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அப்படியே விட்டால் ரியூப் லைற்றின் கீழ் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். மெனுவில் பி.ஏ.எல். (50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற முறை) ஆக்கி, ஷட்டரை 1/50 செக்கனில் வையுங்கள்.

மிஞ்சும் காசை லென்ஸுக்கு வையுங்கள். கமராவோடு வழமையாக வரும் 18-55 லென்ஸை வாங்கும்போது கெனனில் ஐ.எஸ்., நிக்கொனில் வி.ஆர். என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். கை நடுக்கத்தைத் தாங்குவது அதுதான். அடுத்ததாக கெனனுக்கு 50 எம்.எம். எப்/1.8 எஸ்.ரி.எம்., நிக்கொனுக்கு 35 எம்.எம். எப்/1.8. வீட்டு வெளிச்சத்தில் 18-55 தடுமாறும் இடத்தில் துவாரம் பெரிதான இவை பிளாஷ் இல்லாமலே எடுத்துத்தரும்.

நல்லூர் வீதி மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். கசூரினாக் கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றிரவே ஈரம் பிழிந்த துணியால் உப்பைத் துடையுங்கள். மாரியில் தோல் பையில் வைத்துப் பூட்டவேண்டாம். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 40–50 வீதத்தில் வைத்திருங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம்.