நானோவிஎன்ஏ வாங்கியாயிற்று, அடுத்து என்ன?

ஹாம் ரேடியோ என்ற அமெச்சூர் வானொலிக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆன்டெனா கட்டி முடித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எஸ்டபிள்யூஆர் 1.5 வந்திருக்கிறது, போதுமா?" என்பதுதான். அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் எஸ்டபிள்யூஆர்; எதுவும் திரும்பாவிட்டால் 1, கூடக்கூட மோசம். "எந்த இடத்தில் வைத்து அளந்தீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நானோவிஎன்ஏ என்ற சிறு அளவைக் கருவி வந்த பிறகு அளப்பது சுலபமாகிவிட்டது. தப்பாக அளப்பதும் அதே அளவுக்குச் சுலபம்.

உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பெட்டியை எடி555 என்ற புனைபெயரில் ஜப்பானிய ஹாம் ஒருவர் வடிவமைத்தார். 2019இல் சீனாவில் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியதும் உலகெங்கும் பரவியது. முன்பு ஆய்வுக்கூடங்களில் மட்டுமே இருந்த வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்ற கருவியின் ஏழைப் பங்காளி இது. சிஎச்0 என்ற முனையிலிருந்து சிறு சமிக்ஞையை அனுப்பி, ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது, எந்தக் கட்டத்தில் (ஃபேஸ்) வருகிறது என்று பார்க்கிறது. ஒரு பொருளின் வழியாகக் கடந்து வருவதை சிஎச்1 வாங்கிக்கொள்கிறது. சில பதிப்புகளில் இவற்றுக்கு போர்ட் 1, போர்ட் 2 என்று பெயர். தொடக்கத்தில் வந்த மாதிரிகள் 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும். 300க்கு மேல் துல்லியம் குறையும், ஆனால் நம் வேலைக்கு அது போதும்.

தொடங்கும் முன்

கருவி வெளியே அனுப்பும் சமிக்ஞை ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அது இணைந்திருக்கும் கேபிளில் தவறிப்போய் 5 வாட் வாக்கி-டாக்கியை மாட்டிப் பேசும் பொத்தானை அழுத்திவிட்டால்கூட அதன் கதை முடிந்தது. பக்கத்து ஆன்டெனாவில் யாராவது ஒலிபரப்பிக்கொண்டிருந்தாலும் அளக்காதீர்கள். காற்றில் தொங்கும் நீளமான கம்பியில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். ஆகவே கேபிளை இணைக்கும் முன் அதன் நடுக்கம்பியை வெளிவலையோடு ஒருமுறை தொடவையுங்கள். வானம் இடித்தால் இந்த வேலையே வேண்டாம்.

கருவியில் உள்ள எஸ்எம்ஏ என்ற சிறு திருகு இணைப்பிகளைத் திருகும்போது வெளி நட்டை மட்டும் திருப்புங்கள். உடலைத் திருப்பினால் நடு ஊசி தேயும்.

முதல் படி: எல்லையைக் குறுக்குங்கள்

40 மீட்டர் பட்டைக்கு ஒரு டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணையும் இரண்டு கைக் கம்பி ஆன்டெனா, கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியாவில் இது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. ஸ்டிமுலஸ் பட்டியலில் ஸ்டார்ட் 6.5, ஸ்டாப் 7.7 என்று கொடுங்கள்.

முழு எல்லையையும் அப்படியே விட்டால் என்ன? பழைய மாதிரி ஒரு வீச்சில் 101 புள்ளிகளைத்தான் அளக்கும். 900 மெகாஹெர்ட்ஸை அத்தனை புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. உங்கள் 40 மீட்டர் பட்டை முழுவதும் அந்த இடைவெளிக்குள் விழுந்து காணாமல் போய்விடும். 6.5 முதல் 7.7 என்று வைத்தால் 12 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி கிடைக்கும்.

இரண்டாம் படி: கேலிபரேஷன் (திருத்தம்)

தராசில் வெறும் தட்டை வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவதைப் போன்றது இது. எல்லையை அமைத்த பிறகுதான் செய்ய வேண்டும். மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும். திரையின் இடது ஓரத்தில் சி என்ற ஆங்கில எழுத்து பெரிதாக நின்றால் திருத்தம் அப்படியே இருக்கிறது. எல்லையை மாற்றியதும் அது சிறிய எழுத்தாகிவிடும். அப்போது கருவி இடைப்பட்ட மதிப்புகளை உத்தேசமாக நிரப்புகிறது என்று பொருள்.

பெட்டியோடு மூன்று சிறு மூடிகள் வந்திருக்கும்: ஓப்பன், ஷார்ட், லோட். எது எது என்று குழம்பினால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். லோட் 50 ஓம் காட்டும், ஷார்ட் ஏறக்குறைய பூஜ்யம், ஓப்பன் எதுவும் காட்டாது.

கேல் பட்டியலில் முதலில் ரீசெட். பழைய திருத்தத்தின் மேலேயே புதியதை ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். பிறகு கேலிபரேட். ஓப்பனை மாட்டி, வரைகோடு அமைதியாகும் வரை சில விநாடி பொறுத்து, திரையில் ஓப்பனைத் தொடுங்கள். அதே போல் ஷார்ட், அதே போல் லோட். ஆன்டெனா மட்டும் அளப்பதானால், சிஎச்1க்கான ஐசொலேஷன், த்ரூ இரண்டு படிகளையும் விட்டுவிட்டு டன் அழுத்தலாம். சேவ் 0 என்ற இடத்தில் சேமித்தால் அடுத்த முறை கருவியை இயக்கும்போது அதுவே தானாக வரும்.

இனி முக்கியமான விஷயம். அந்த மூன்று மூடிகளையும் எங்கே மாட்டினீர்களோ, அந்த இடத்திலிருந்துதான் கருவி அளக்கத் தொடங்கும். அதன் முகத்திலேயே மாட்டினால், அதற்கப்பால் உள்ள கேபிளும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகவே கணக்கில் சேரும். ஆன்டெனாவின் உண்மையான இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) தெரிய வேண்டுமென்றால், கேபிளை முதலில் கருவியில் மாட்டி, அதன் மறுமுனையில் மூன்று மூடிகளையும் வைத்துத் திருத்துங்கள். மொட்டை மாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். அலுத்துக்கொள்ளாதீர்கள்.

முடித்ததும் சரிபார்க்க வேண்டும். இம்பிடன்ஸை வட்டத்துக்குள் காட்டும் ஸ்மித் வரைபடத்தில் ஓப்பன் வலது ஓரத்திலும் ஷார்ட் இடது ஓரத்திலும் லோட் நடு மையத்திலும் ஒரே புள்ளியாக நிற்க வேண்டும். புள்ளிக்குப் பதில் வால் முளைத்திருந்தால் இணைப்பி ஒன்று தளர்ந்திருக்கிறது.

மூன்றாம் படி: டைபோலை அளப்பது

டிஸ்ப்ளே பட்டியலில் இரண்டு வரைகோடுகளை அணைத்துவிடுங்கள். மஞ்சளை எஸ்டபிள்யூஆர் வடிவத்துக்கு மாற்றுங்கள், பச்சை ஸ்மித் வரைபடமாகவே இருக்கட்டும். நான்கும் ஒன்றின் மேல் ஒன்று ஓடினால் இடியாப்பத் தட்டைப் பார்ப்பது போலிருக்கும்.

143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் ஏறத்தாழ வரும். 7.1க்கு 20.14 மீட்டர். கொஞ்சம் கூடுதலாக, 20.8 மீட்டர் வெட்டியிருக்கிறீர்கள். எஸ்டபிள்யூஆர் பள்ளம் 6.85இல் விழுகிறது என்று கொள்வோம். கணக்கு எளிது: 20.8ஐ 6.85ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 20.07. ஆக மொத்தம் 73 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 36 அல்லது 37 குறைய வேண்டும். கத்தரிக்கோலை உடனே எடுக்காதீர்கள். முனையை மடித்துக் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வெட்டியதை ஒட்டுவது பெரும்பாடு.

பச்சைக் கோடு இன்னும் கூடுதலாகப் பேசும். கேபிளின் மறுமுனையில் திருத்தியிருந்தால், 7.1இல் குறிமுள் ஸ்மித் வரைபடத்தின் நடுக்கோட்டுக்கு மேலே நின்றால் டைபோல் நீளம், கீழே நின்றால் குட்டை. நடுக்கோட்டிலேயே நின்று எஸ்டபிள்யூஆர் மட்டும் 1.4 வந்தால் நீளத்தில் குறையில்லை. உயரத்தையோ, இரு கைகளுக்கும் இடையேயுள்ள கோணத்தையோ மாற்றிப் பார்க்க வேண்டும்.

வடிகட்டி

பிட்எக்ஸ் போன்ற ரேடியோ கருவியைச் சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கு, குறைந்த அதிர்வெண்களை மட்டும் கடக்கவிடும் லோ பாஸ் ஃபில்டரைச் சோதிக்க வேண்டியிருக்கும். இப்போது எல்லையை 30 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டி, ஐசொலேஷன், த்ரூ இரண்டையும் சேர்த்துத் திருத்துங்கள். வடிகட்டியின் உள்ளீட்டை சிஎச்0இலும் வெளியீட்டை சிஎச்1இலும் மாட்டி, நீலக் கோட்டை மறுபடி இயக்கி, அளவை டெசிபலில் காட்டும் லாக்மேக்கில் பாருங்கள். 7இல் பூஜ்யத்தை ஒட்டியும், இரண்டாம் மடங்கான 14இல் நன்றாகக் கீழேயும் இருக்க வேண்டும்.

கேபிளைச் சந்தேகப்படுங்கள்

மறுமுனை திறந்திருக்கும் கேபிள், கால் அலைநீளம் வரும் அதிர்வெண்ணில் ஷார்ட் போல நடிக்கும். இதை வைத்தே நீளத்தைக் கண்டுபிடிக்கலாம். எல்லையை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும்படி வைத்து, கருவியின் முகத்தில் திருத்தம் செய்து, கேபிளை மாட்டுங்கள். ஸ்மித் கோடு முதன்முறையாக இடது ஓரத்தைத் தொடும் அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆர்ஜி-58 கேபிளில் அலை, ஒளியின் வேகத்தில் 66 விழுக்காட்டில்தான் ஓடுகிறது. எனவே 49.5ஐ அந்த மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் வரும். 12 மீட்டர் கேபிள் 4.1 அருகில் தொட வேண்டும். 9.9இல் தொட்டால், உங்களிடமிருந்து 5 மீட்டர் தூரத்தில் உள்ளே எங்கோ நடுக்கம்பி அறுந்திருக்கிறது.

அடுத்த சோதனையை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். என் வீட்டு 2 மீட்டர் பட்டை ஆன்டெனா 145 மெகாஹெர்ட்ஸில் 1.2 காட்டியது. ஒரு வருடம் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்திருந்தேன். தொலைவில் இருப்பவர்கள் மட்டும் என் குரல் தேய்கிறது என்பார்கள். ஒரு நாள் மாடியில் ஆன்டெனாவையே கழற்றிவிட்டுக் கீழே வந்து அளந்தால், எஸ்டபிள்யூஆர் 1.6! ஆன்டெனா இல்லாத கேபிளில் அனுப்பியதெல்லாம் அப்படியே திரும்பி வந்து, அந்த எண் கன்னாபின்னாவென்று ஏறியிருக்க வேண்டும். லாக்மேக்கில் பார்த்தேன்: மைனஸ் 12.7 டெசிபல். போக வர இரண்டு வழிக்கும் சேர்த்து இது. ஒரு வழிக்குப் பாதி, அதாவது 6.35. அனுப்பிய சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் கேபிளே விழுங்கியிருந்தது. ஆன்டெனாவிலிருந்து திரும்பியதும் வழியிலேயே கரைந்ததால் எண் அழகாகத் தெரிந்திருக்கிறது.

மேல்முனை இணைப்பியைப் பிரித்தேன். மழைநீர் இறங்கி, செம்பு வலை பச்சை பூத்துக் கிடந்தது. புதிய கேபிள் போட்டு ஆன்டெனாவை மாட்டியதும் எஸ்டபிள்யூஆர் 1.7க்கு ஏறியது. அன்று மாலையே, வழக்கமாகக் குரல் தேய்கிறது என்று சொல்கிறவர் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டார்.