துறைமுக க்யூவில் தேயும் இன்ஜினை ஆயில் டெஸ்டில் பிடிப்பது எப்படி?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ட்ரெய்லர் ஓட்டும் டிரைவரிடம் ஆயில் மாற்ற வேண்டும் என்று சொன்னால், உடனே கிலோமீட்டரைக் காட்டுவார். "வண்டி க்யூவுல சும்மாதான சார் நின்னுச்சு?" சும்மா நிற்கவில்லை, ஐட்லிங்கில், அதாவது இன்ஜினை அணைக்காமல் நின்றது. ஐட்லிங்கில் இன்ஜினுக்கு முழுச் சூடு ஏறாது. சரியாக எரியாத டீசல், லைனர் எனும் சிலிண்டரின் உள்சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும், கரியும் சேரும். கிலோமீட்டர் மட்டும் நகராது. திருவொற்றியூரில் ட்ரெய்லர்களின் பராமரிப்பைப் பார்க்கிற நான், ஆயில் மாற்றும் கணக்கை இன்ஜின் ஓடிய மணி நேரத்தில் வைக்கிறேன். முடிவை லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து எடுக்கிறேன். ஆயில் கறுத்துவிட்டது என்பதெல்லாம் காரணமே இல்லை. டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும்.

சாம்பிள் சரியில்லை என்றால் ரிப்போர்ட்டால் பயனில்லை. வண்டி ஓடி வந்த சூட்டோடு எடுக்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் துகள்கள் சம்ப்பின், அதாவது இன்ஜினுக்குக் கீழே ஆயில் தங்கும் தொட்டியின், அடியில் படிந்துவிடும். டிரைன் நட்டைக் கழற்றினால் முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஆயில் மாற்றாமல் இடையில் சோதிக்க வேண்டுமானால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியின் குழாய் வழியாக டியூப் விட்டுக் கைப்பம்ப்பால் உறிஞ்சலாம். டியூப் சம்ப்பின் அடியைத் தொடக் கூடாது. லேப் கொடுக்கும் பாட்டிலே நல்லது. டீக்கடையில் கிடைத்த தண்ணீர் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்தால், ஆயிலில் தண்ணீர் என்றுதான் ரிப்போர்ட் வரும். அப்புறம் வீணாக இன்ஜின் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பீர்கள்.

பாட்டிலோடு போகும் சீட்டில் வண்டி எண், இன்ஜின் மாடல், ஆயிலின் பெயர், கிரேடு, அந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், மணி நேரம், இடையில் எத்தனை லிட்டர் டாப்-அப் என எல்லாம் இருக்க வேண்டும். டாப்-அப்பை மறைத்தால், தேய்மானம் குறைந்தது போல ரிப்போர்ட் பொய் சொல்லும். முதல் தடவை அதே பிராண்டு புது ஆயிலிலும் ஒரு சாம்பிள் அனுப்பிவிடுங்கள். ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

ரிப்போர்ட் வந்ததும் நான் முதலில் பார்ப்பது விஸ்காசிட்டி, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை. 15டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் டீசல் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலையான ஃப்ளாஷ் பாயின்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். மேலே ஏறினால் கரி, அல்லது ஆயிலே ஆக்சிஜனேற்றத்தில் கெட்டியாகிவிட்டது. டிபிஎன் என்பது அமிலத்தைச் சமாளிக்க ஆயிலில் மீதமுள்ள சக்தி. புது ஆயிலின் அளவில் பாதிக்கு வந்தால் மாற்றிவிடுவேன்.

தேய்ந்து ஆயிலில் கலந்த உலோகங்கள் பிபிஎம்மில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று வரும். இரும்பு என்றால் பெரும்பாலும் லைனர், கிராங்க். குரோமியம் என்றால் பிஸ்டன் ரிங். ஈயம், செம்பு, தகரம் மூன்றும் கூடி ஏறினால் பேரிங். செம்பு மட்டும் ஏறினால் பதற வேண்டாம், ஆயில் கூலரிலிருந்தும் வரும். சோடியம், பொட்டாசியம் என்றால் கூலன்ட் கசிவு. சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும், அதனால் தண்ணீர் இல்லை என்ற ஒரு வரியை மட்டும் நம்பாதீர்கள். காசிமேட்டு விசைப்படகு இன்ஜின் என்றால் சோடியத்துக்குக் கடல் தண்ணீரும் காரணமாக இருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் அதிகம் தொல்லை தருவது சிலிக்கான், அதாவது தூசு. அத்திப்பட்டில் அனல் மின் நிலையச் சாம்பல் ஏற்றிய ஒரு வண்டியில் பத்துப் பதினைந்தில் இருந்த சிலிக்கான் நாற்பதைத் தாண்டியது. கூடவே அலுமினியமும் இரும்பும். பிஸ்டன் போச்சு என்றார் மெக்கானிக். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்தான். அதனால் அந்த அலுமினியம் பிஸ்டனிலிருந்துதான் வந்தது என்று சொல்ல முடியாது. ஏர் ஃபில்டர் புதுசு. கடைசியில் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. கிளிப்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். அடுத்த ரிப்போர்ட்டில் மூன்றுமே இறங்கின. இன்ஜினைப் பிரிக்கவே இல்லை. கேஸ்கட் வேலை முடிந்த கையோடு சிலிக்கான் மட்டும் தனியாக ஏறினால் அது சீலன்டாகவும் இருக்கலாம், அதனால் செய்த வேலையையும் சீட்டில் எழுதுங்கள்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து இன்ஜினைத் திறக்காதீர்கள். எண் திடீரென்று எகிறினால் மறு சாம்பிள் அனுப்புங்கள். ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த மூன்று நான்கு ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்தால்தான் போக்கு தெரியும். இன்னொன்று, உலோகங்களை அளக்கும் லேபின் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் பெரிய துகள்கள் தெரியாது. சுமார் 5 முதல் 10 மைக்ரானுக்கு மேல் போனால் கணக்கில் வராது. பேரிங் உரிந்து சில்லுசில்லாக விழுந்தாலும் ரிப்போர்ட் சுத்தமாக வரலாம். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மின்னுவது காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பேரிங்கையோ பிஸ்டனையோ சந்தேகப்படுங்கள்.